இல்லாத மத்திமம்

அத்தியாயம் 6

“சுலக்ஷனா தப்பே பண்ண மாட்டா அக்கா. அதனாலதான் பயமா இருக்கு.”

நிஷாந்தி தன் போனை மேசைமேல் வைத்தாள். சிநேகிதியைக் காணோம் என்றுதான் வந்திருந்தாள்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது நாகலெட்சுமியின் அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. பொலிஸில் பல வருடம் இருந்துவிட்டு, ஒரு மேலதிகாரியின் பொய்க்குத் தலையாட்ட முடியாமல் வெளியே வந்தவள். இப்போது மற்றவர்கள் தேடாமல் விட்டதைத் தேடிக் கொடுப்பது தொழில்.

கீழே போன் திருத்தும் கடை வைத்திருந்த இல்ஹாம் அவளுக்கு உதவியாளன், ஓட்டோ டிரைவர், சமயத்தில் தலைவலி.

“தப்புப் பண்ணாத ஆள் காணாமப் போனா பயம்தான்,” என்றான் அவன். “எங்க மச்சான் மாதிரி ஆள் காணாமப் போனா ஊரே நிம்மதியா தூங்கும்.”

“இல்ஹாம், கொஞ்சம் வாயை மூடு. நீ முதல்ல இருந்து சொல்லும்மா.”

நிஷாந்தி சொன்னாள். அவளுக்கு ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. சிநேகிதி சுலக்ஷனா பூண்டுலோயாவில் சங்கீத ஆசிரியை. இருவரையும் சேர்த்து வைத்தது ‘சுரவேட்டை’ என்ற வட்ஸ்அப் குழு. தினமும் மாலையில் யாராவது ஒருவர் கர்நாடக சங்கீதப் புதிர் போடுவார். மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு விடை சொல்வார்கள். பரிசு ஒன்றும் கிடையாது. முதலில் சொன்னவருக்கு ஒரு கைதட்டும் படம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நாள் முழுவதும் காத்திருப்பார்கள்.

“ஞாயித்துக்கிழமையில இருந்து அவ போனை எடுக்கல. அவங்க அம்மாவுக்கு ‘கொழும்புல பயிற்சி, வர நாலு நாளாகும்’னு மெசேஜ் வந்திருக்கு. பொலிஸ்ல போய்ச் சொன்னேன். மெசேஜ் வருதே, பிறகு எப்படிக் காணாமப் போன ஆளுன்னு கேக்கிறாங்க.”

“அவங்க கேக்கிறதும் நியாயம்தானே?”

“இல்லக்கா. இன்னைக்கு அவ கோர்ட்டுக்குப் போகணும். அதை விட்டுட்டு எங்கயும் போக மாட்டா.”

நாகலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வழக்கு அவளுக்குத் தெரியும். மலைநாட்டில் தெரியாதவர்கள் குறைவு. பூண்டுலோயாவுக்கு மேலே தோட்டத்துப் பாதையில், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த வீரம்மாவை ஒரு சுற்றுலா வேன் அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே முடிந்துபோனாள். ‘நான்தான் ஓட்டினேன்’ என்று வாக்குமூலம் கொடுத்து மறியல் சிறைக்குப் போன சுதாகரன் என்ற டிரைவர், பிறகு ‘நான் ஓட்டவில்லை’ என்று மாறினான். அப்படியானால் யார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

“ஓட்டினவனை சுலக்ஷனா பார்த்தா,” என்றாள் நிஷாந்தி. “பேரை என்கிட்டகூடச் சொல்லல. கோர்ட்டுலதான் சொல்லுவேன்னா. அந்தப் பேரைச் சொல்றது அவளுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்திச்சு.”

“இன்னைக்கு அவ வராட்டி?”

“சுதாகரனுக்கு வேற சாட்சி கிடையாது.”

வழக்கு மதியத்துக்குப் பிறகு, நுவரெலியாவில். ஜன்னலுக்கு வெளியே காலைப் பனி இன்னும் விலகியிருக்கவில்லை.

“சரி, தப்புன்னு சொன்னியே. என்ன தப்பு?”

நிஷாந்தி போனைத் திருப்பிக் காட்டினாள். நேற்று மாலை, சுலக்ஷனாவின் எண்ணிலிருந்து வந்திருந்த புதிர்.

‘முதல் கேள்வி: மோகனத்தில் வருவது எந்த மத்திமம்? இரண்டாம் கேள்வி: ஹம்ஸத்வனியில் வருவது எந்த மத்திமம்?’

“எனக்குச் சங்கீதம் தெரியாது,” என்றாள் நாகலெட்சுமி. “புரியிற மாதிரிச் சொல்லு.”

“ச, ரி, க, ம, ப, த, நி. இதுல ‘ம’வுக்குப் பேரு மத்யமம். அதுல ரெண்டு வகை இருக்கு. எந்த வகைன்னு கேக்கிறா. ஆனா மோகனத்துல ‘ம’வே கிடையாது. ஹம்ஸத்வனியிலயும் கிடையாது. சின்னப் புள்ளைங்களுக்கே தெரியும்.”

“இல்லாத வீட்டுக்கு ரெண்டு தரம் கதவு தட்டின மாதிரி,” என்றான் இல்ஹாம்.

நாகலெட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். சில சமயம் அவன் வாயிலிருந்து உருப்படியாகவும் ஏதாவது விழும். “யாரும் தப்புன்னு சொல்லலையா?”

“கனடாவுல இருக்கிற ரெண்டு பேர் சிரிச்சாங்க. கந்தப்பன் மாமா மட்டும் ‘அருமையான கேள்வி’ன்னு போட்டிருந்தாரு.”

“அது யாரு?”

“சுலக்ஷனாவோட குரு. வயலின் வாசிப்பாரு. பூண்டுலோயாவிலதான் வீடு. மாஸ்டர்னு கூப்பிட்டாக் கோவம் வரும், அதனால குழுவில எல்லாருக்கும் மாமாதான்.”

“இது தப்பு இல்ல நிஷாந்தி. பக்கத்துல ஒருத்தன் நின்னு பார்த்துக்கிட்டிருக்கிறப்போ எழுதின சேதி. அவனுக்குச் சங்கீதம் தெரியாது. தெரிஞ்சவங்க படிக்கட்டும்னு எழுதியிருக்கு.” நாகலெட்சுமி எழுந்து மழைக்கோட்டை எடுத்தாள். “உங்க மாமாவுக்கு அர்த்தம் தெரியுதான்னு பார்ப்போம்.”

ஓட்டோ தலவாக்கலையைத் தாண்டி, பூண்டுலோயாப் பாதையில் திரும்பியது. இரண்டு பக்கமும் தேயிலை. மழைச்சேற்றில் சக்கரம் வழுக்கும்போதெல்லாம் இல்ஹாம் பிஸ்மில்லா சொன்னான். இடையிடையே தன் ஓட்டோவைத் திட்டினான். கந்தப்பனின் வீடு பாதைக்குக் கீழே, சரிவில் இருந்தது. முன்னால் ஒரு வெள்ளை வேன். வீட்டின் பின்புறத்தில் தனியாகக் கட்டிய ஒரு சிறிய அறை. அதற்குள்ளிருந்து சுருதிப் பெட்டியின் ரீங்காரம் வாசல்வரை கேட்டது.

கதவைத் திறந்தவன் முப்பது வயது மதிக்கத்தக்கவன். மடிப்புக் கலையாத சட்டை. புன்னகை.

“யாருங்க?”

“கந்தப்பன் ஐயாவைப் பார்க்கணும். சுலக்ஷனா விஷயமா.”

புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் ஒருமுறை பாதையை நோக்கிப் போய்த் திரும்பின. “அப்பா உள்ளதான் இருக்காரு. வாங்க. நான் கிஷாந்த்.”

கந்தப்பன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். நிஷாந்தியைக் கண்டதும் எழப்போனவர், மகனைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“சுலக்ஷனா எங்க இருக்கான்னு தெரியுமா ஐயா?”

“கொழும்புக்குப் போறதாத்தான் சொன்னா.”

நாகலெட்சுமி புதிரைக் காட்டினாள். கந்தப்பன் அதை வாங்கிப் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லாதவர்போல, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ரெண்டு ராகத்துலயும் மத்திமம் இல்ல. அவளுக்குத் தெரியாம இருக்குமா? அப்போ ராகத்தோட பேர்லதான் விஷயம் இருக்கணும். ஹம்ஸம்னா அன்னப்பறவை. தண்ணியில இருக்கிறது. த்வனின்னா சத்தம்.”

கிஷாந்த் தேத்தண்ணித் தட்டோடு வந்தான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவர் தோளில் ஒரு கை வைத்தான்.

“தண்ணிச் சத்தம்,” என்றார் கந்தப்பன், அவசரமாக. “நீர்வீழ்ச்சி. இறம்பொடைப் பக்கம் போய்ப் பாருங்கம்மா. அங்க அவளுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க.”

“இறம்பொடையிலயா? அவ சொன்னதே இல்லையே மாமா,” என்றாள் நிஷாந்தி.

கந்தப்பன் இப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “நீ எப்பவுமே விடையை எழுதிப் பார்க்கிறவ. எழுதினாத் தெரியாது. விடையை வாயால பாடிப் பாரு. எத்தனை தரம் சொல்லிக் குடுத்திருக்கேன்?”

“அப்பா, அவங்களுக்கு நேரமாகுதுல்ல,” என்றான் கிஷாந்த்.

வெளியே வரும்போது இல்ஹாம் பின்புறத்து அறையைக் காட்டினான். “சுருதி மட்டும் போகுது. பாட்டையே காணோம்? ஸ்டார்ட் பண்ணிட்டு ஓட்டாத வண்டி மாதிரி.”

“அப்பா சும்மா போட்டு வைப்பாரு. வீடு நெறைஞ்ச மாதிரி இருக்கும்னு,” என்று சிரித்தான் கிஷாந்த். அவர்கள் ஓட்டோவில் ஏறும்வரை வாசலிலேயே நின்றான்.

இறம்பொடைக்குப் போக, தவலந்தென்னப் பக்கம் இறங்க வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. சேற்றில் ஒரு பஸ் இவர்களை உரசிக்கொண்டு போனபோதும் நாகலெட்சுமி அசையவில்லை. இறம்பொடையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? தண்ணிச் சத்தம் என்றால் இந்த மலையில் எந்தப் பள்ளத்தில் இல்லை? அந்த விடையில் ஏதோ இடித்தது. கேட்டதும் சரிபோலத் தோன்றியது, யோசித்தால் ஒன்றுமே இல்லை.

“நிஷாந்தி, அவர் கடைசியா என்ன சொன்னாரு?”

“விடையை எழுதிப் பார்க்காத, பாடிப் பாருன்னு. ஆனா அது எனக்கு விளங்கலக்கா. மாமா அப்படி ஒரு நாளும் சொல்லித் தந்ததில்ல. நான் அவர்கிட்டப் படிச்சதேயில்லையே!”

“பாடு.”

“என்னத்தை?”

“கேள்வியில என்ன கேட்டிருக்கோ அதை.”

“கேட்டது மத்யமம். அதைப் பாடினா…” நிஷாந்தி ஓட்டோவின் இரைச்சலுக்குள் சுரம் பிடித்தாள். “மா…”

“ரெண்டு கேள்வி. ரெண்டு விடை.”

“மா… மா…”

“என்னைப் பார்த்தா மாமா மாதிரியா இருக்கு?” என்றான் இல்ஹாம் முன்னாலிருந்து. “அண்ணேன்னே கூப்பிடு தங்கச்சி.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பிரேக்கை மிதித்தான். ஓட்டோ ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது.

“மாமா!” என்றாள் நிஷாந்தி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “கந்தப்பன் மாமாவா? அவர்தான் அவளைப் பிடிச்சு வச்சிருக்காருன்னு சுலக்ஷனா எழுதியிருக்காளா?”

“அவ எழுதின பழைய புதிர் ஒண்ணைக் காட்டு,” என்றாள் நாகலெட்சுமி.

நிஷாந்தி போனில் மேலே தள்ளிக்கொண்டே போனாள். நாகலெட்சுமி ஒன்றைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள்.

“இங்க எல்லாத்துலயும் ‘மத்யமம்’னு இருக்கு. நீயும் அப்படித்தான் சொல்ற. நேத்து வந்ததுல மட்டும் ‘மத்திமம்’. இப்ப அந்த வீட்டுல யாரு மத்திமம்னு சொன்னது?”

“மாமா… அவர் எப்பவும் அப்படித்தான். நாங்க கேலி பண்ணுவோம்.”

“அந்தப் புதிரை சுலக்ஷனா எழுதல. அவ போன்ல அவர்தான் எழுதியிருக்காரு.”

“அப்போ கள்ளன் அந்தாளுதான்!” இல்ஹாம் கையை ஓங்கினான். “தேத்தண்ணி குடுத்து நம்மளை வழியனுப்பி வச்சிட்டானே!”

“கள்ளன் தன் பேரையே எழுதிப் போடுவானா இல்ஹாம்?”

இல்ஹாம் ஓங்கிய கையை இறக்கினான்.

“அவர் கூப்பிட்டிருக்காரு,” என்றாள் நாகலெட்சுமி. “என்கிட்ட வாங்கன்னு. நாம போனோம். வாய் திறந்து சொல்ல முடியல. ஏன்னா தோள்ல கையை வச்சுக்கிட்டு ஒருத்தன் நின்னான். நிஷாந்தி, அந்த மகன் என்ன வேலை பார்க்கிறான்?”

“சுற்றுலா வேன் கம்பனியில…” சொல்லும்போதே அவளுக்கு விளங்கியது. “மேனேஜர். ஐயோ அக்கா, சுதாகரனுக்கு மேல இருக்கிறது அவன்தான்!”

“சுதாகரன் ஏன் வாயைத் திறக்கலன்னு இப்பத் தெரியுது. அந்தப் பேரைச் சொல்ல சுலக்ஷனாவுக்கு ஏன் கஷ்டம்னும் தெரியுது. குருவோட மகன்.” அவள் போனை எடுத்தாள். “ஓட்டோவைத் திருப்பு. பாட்டு இல்லாம சுருதிப் பெட்டி எதுக்கு அவ்வளவு சத்தமா ஓடிச்சு? உள்ள ஒருத்தி கத்துறது வெளிய கேக்கக் கூடாதுன்னு.”

பொலிஸில் இன்னும் அவளை மதிக்கிற ஒரு சார்ஜன்ட் இருந்தார். ஜீப் அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் பாதையில் மண் சரிந்திருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார். இல்ஹாம் ஓட்டோவைத் திருப்பினான். அவன் பேசாமல் ஓட்டுவதை நாகலெட்சுமி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

வீட்டின் முன் வேன் இல்லை.

சுருதிப் பெட்டியின் சத்தமும் இல்லை.

பின்புறத்து அறை திறந்து கிடந்தது. ஒரு பாய், கவிழ்ந்த தண்ணீர்க் குவளை, கதவின் உள்பக்கம் முழுக்க நகம் கீறிய தடம். நிஷாந்தி அதைத் தொட்டுப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். முன்கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது. ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றார் கந்தப்பன்.

“புரிஞ்சுதா? புரிஞ்சு வந்தீங்களா?” என்று கேட்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

இல்ஹாம் விறகு பிளக்கும் கோடாலியால் பூட்டை உடைத்தான்.

“நீங்க போனதும் பயந்துட்டான். அவளை வேன்ல ஏத்திக்கிட்டு தோட்டத்து மேல் டிவிஷன் ரோட்டுல போயிட்டான். எங்கடான்னு கேட்டேன். பதில் சொல்லலம்மா. பதில் சொல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு.”

“ஏன் மாமா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?” நிஷாந்தி கத்தினாள். “உங்க பிள்ளை மாதிரி வளர்த்தீங்களே அவளை!”

“வெளிய சொன்னா ஆத்துல குதிச்சிருவேன்னான். தாய் இல்லாம வளர்ந்தவன். செய்வான்.” கந்தப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வந்தவ, ‘மாமா, கோர்ட்டுல கிஷாந்த் பேரைச் சொல்லப் போறேன், என்னை மன்னிச்சிருங்க’ன்னா. நான் போய் அதை அவன்கிட்டச் சொன்னேன். புத்தி வந்து அவனே போய்ச் சொல்லிருவான்னு நினைச்சேன். அவன் கதவைப் பூட்டினான்.”

“குழு சந்தேகப்படக் கூடாதுன்னு உங்களைப் புதிர் எழுத வச்சான்,” என்றாள் நாகலெட்சுமி.

“ஆமா. நேத்து எழுதச் சொன்னான். பக்கத்துல நின்னு ஒவ்வொரு எழுத்தாப் பார்த்தான். அவனுக்கு ச-வும் தெரியாது, ப-வும் தெரியாது. ஒரு நாளும் பாட்டுப் பக்கம் வராதவன்.”

“மேல் டிவிஷன் ரோடு மலையைச் சுத்திக்கிட்டுத்தானே போகுது?” நாகலெட்சுமி ஏற்கனவே வாசலில் இருந்தாள். “குறுக்க ஏற முடியுமா?”

“தேயிலைக்குள்ள பாதை இருக்கு. நான் காட்டுறேன்.”

“உங்களால ஏற முடியாது ஐயா.”

“முடியும்,” என்றார் அவர்.

ஏறினார். செருப்பு சேற்றில் சிக்கிக் கழன்றது. அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினார். மூச்சு இழுத்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாதி தூரத்தில் இல்ஹாம் அவருக்குத் தோள் கொடுத்தான். ஒரு வேடிக்கை சொல்லப்போனவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

“வெள்ளை வேன் ஒண்ணு வந்துச்சாம்மா?” நாகலெட்சுமி மேலே நின்ற ஒருத்தியிடம் கத்தினாள்.

“இன்னும் வரலீங்க! கீழ் வளைவுல சேறு. சத்தம் கேக்குது!”

அவர்கள் பாதைக்கு ஏறி வந்தபோது, வளைவுக்கு அப்பால் வேன் உறுமிக்கொண்டு சேற்றிலிருந்து விடுபடும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அகலமில்லாத பாதை. நாகலெட்சுமி ஓரத்தில் கிடந்த மரக்கட்டையைப் பார்த்தாள். அதை நான்கு பேர் சேர்ந்தாலும் நேரத்துக்கு நகர்த்த முடியாது.

“இல்ஹாம், கல்லு! பெரிய கல்லாப் பாரு!”

அவள் திரும்பியபோது கந்தப்பன் பக்கத்தில் இல்லை. பாதையின் நடுவில் நின்றார். வெறுங்கால், நனைந்த வேட்டி, முன்னால் நீட்டிய ஒரு கை.

“ஐயா, விலகுங்க! பயத்துல வாறவன், நிறுத்த மாட்டான்!”

“இங்கதாம்மா வீரம்மாவை அடிச்சான்,” என்றார் அவர் திரும்பாமல். “அன்னைக்கும் நிறுத்தல.”

வேன் வளைவைத் திரும்பியது. நிஷாந்தி கண்களை மூடிக்கொண்டாள். நாகலெட்சுமி அவரைத் தள்ள ஓடினாள். ஓடும்போதே எட்டாது என்று தெரிந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. சேறு அவர் நெஞ்சுவரை தெறித்தது. வேனின் முன்பக்கம் அவர் நீட்டிய கையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கண்ணாடிக்குப் பின்னால் கிஷாந்தின் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்பாவைப் பார்த்தான். ஓரத்தில் நின்ற நாகலெட்சுமியைப் பார்த்தான். கியரைப் பின்னுக்குத் தள்ளினான். வேன் ஒரு முழம் பின்வாங்கி நின்றது. பின்னால் தேயிலைக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராகப் பாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வீரம்மாவோடு அதே மலையில் பறித்தவர்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை. வந்து நின்றார்கள்.

கந்தப்பன் சுற்றி வந்து கதவைத் திறந்தார். “இறங்கு.”

“நீங்களா காட்டிக் குடுத்தீங்க?” கிஷாந்த் கேட்டான். குரல் சின்னப் பையனுடையதுபோல இருந்தது. “அப்பா, நீங்களா?”

“ஆமா. நான்தான்.”

கிஷாந்தின் கண்கள் பள்ளத்தின் பக்கம் போயின. அதை நாகலெட்சுமி கவனித்தாள், தகப்பனும் கவனித்தார். அவன் இறங்கிய கணமே இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டார். ஜீப் வரும்வரை அந்தப் பிடியை விடவேயில்லை.

பின்கதவை இல்ஹாம் திறந்தான். கைகள் கட்டப்பட்டு, இருக்கைகளுக்கு இடையில் கிடந்தாள் சுலக்ஷனா. உயிரோடு இருந்தாள். நிஷாந்தியின் தோளில் முகம் புதைத்து ஏதோ சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது, காற்றுத்தான் வந்தது.

“என்னடி? என்ன ஆச்சு?”

சுலக்ஷனா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சுருதிப் பெட்டியின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தி, பாட்டு டீச்சரின் குரல் அடியோடு போய்விட்டிருந்தது.

நாகலெட்சுமி மணியைப் பார்த்தாள். சாட்சி கிடைத்துவிட்டாள். சாட்சியின் குரல் கிடைக்கவில்லை. “இன்னைக்கு எழுதிக் குடுத்தாலும் குறுக்குக் கேள்விக்கு என்ன செய்றது? தள்ளி வைப்பாங்க. அதுக்குள்ள சுதாகரன்…”

“தள்ளி வைக்க வேணாம்.”

சொன்னவர் கந்தப்பன். கிஷாந்தை இப்போது இரண்டு பொலிஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கைகள் வெறுமையாகத் தொங்கின.

“அவ ரோட்டுல பார்த்தா. நான் வீட்டுல பார்த்தேன். அன்னைக்குச் சாயங்காலம் அவன் வந்து கதவைத் தட்டினப்போ திறந்தது நான்தான். என்ன நடந்துச்சுன்னு அவன் வாயாலயே என்கிட்டச் சொன்னான். சுதாகரன்கிட்டப் பேசி முடிச்சிட்டேன்னும் சொன்னான்.” அவர் சுலக்ஷனாவைப் பார்த்தார். அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவருக்கு அதுவே தண்டனையாக இருந்திருக்க வேண்டும்; பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “என்னைக் கூட்டிட்டுப் போங்கம்மா.”

நுவரெலியாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு இல்ஹாமைக் கேட்டால், ‘என் ஓட்டோவைக் கேளுங்க, எனக்கு நினைவில்ல’ என்பான். வழக்கை அழைக்கும்போது அவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். சுதாகரனின் சட்டத்தரணி ஓடி வந்தார். கூண்டில் நின்ற சுதாகரன், வாசலில் சுலக்ஷனாவைக் கண்டதும் கம்பியை இறுகப் பிடித்தான். அவளுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்ததும் அவன் வாய் தானாகத் திறந்தது.

நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். “கிஷாந்த் என்கிறவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறீர்கள். அவர் உங்களுக்கு யார்?”

கந்தப்பன் சாட்சிக் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். காலில் சேறு இன்னும் காயவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேள்வியை மறுபடி சொல்ல வாயெடுத்தார்.

“மகனுங்க,” என்றார் கந்தப்பன். “எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்.”

பிறகு, யாரும் கேட்காமலே, அன்று மாலை கதவைத் திறந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினார்.